இங்க்ஸ்கேப்பில் புடைத்த பொன்னெழுத்து: தட்டச்சு முதல் அச்சுக் கோப்பு வரை

‘அழைப்பிதழ்’ என்ற ஒரு சொல்லை எடுத்து, தகட்டில் அடித்து எழுப்பியது போன்ற பொன்னிறத் தலைப்பாக மாற்றப் போகிறோம். மென்பொருள் இங்க்ஸ்கேப் என்ற வரைகலைக் கருவி. இலவசமாகக் கிடைக்கிறது, தமிழை உடைக்காமல் காட்டுகிறது. இந்தச் சொல்லைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. மேலே ஏறும் கொக்கி, கீழே இறங்கும் ழகரம், புள்ளி, முன்னால் நிற்கும் ஐகாரக் குறி என்று தமிழில் சிக்கல் தரும் எல்லாம் இதில் இருக்கின்றன. இதைச் சரியாகச் செய்தவர் எந்தக் கடைப் பெயரையும் செய்துவிடலாம்.

புதிதாகக் கற்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் தடுமாறுவது நிறத்தில் இல்லை, வரிசையில். பொன் நிறத்தை முதலில் பூசிவிட்டு, பிறகு வடிவத்தைத் திருத்தப் போய், எல்லாவற்றையும் திரும்பச் செய்கிறார்கள். முக்கிய வடிவ வேலை முடிந்த பிறகுதான் உலோக நிறம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இங்க்ஸ்கேப் 1.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. இது முக்கியம். 1.0 பதிப்பிலிருந்து செங்குத்து அச்சு மேலிருந்து கீழாக எண்ணப்படுகிறது, அதற்கு முன் கீழிருந்து மேலாக. பழைய பாடங்களைப் பார்த்துச் செய்பவர்களுக்கு நிழல் தலைகீழாக விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

தடித்த, யூனிகோடு தமிழ் எழுத்துரு ஒன்று. கேட்டமரான், முக்தா மலர், பலூ தம்பி மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும். நான் இங்கே கேட்டமரானின் மிகத் தடித்த வகையைக் கொள்கிறேன். கோடுகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும் எழுத்துரு அழகாக இருக்கலாம், இந்த வேலைக்கு ஆகாது. சரிவு (எழுத்தின் ஓரத்தில் ஒளியும் இருளுமாகத் தெரியும் சாய்வு விளிம்பு) எடுக்கும்போது மெலிந்த இடம் அறுந்துபோகும்.

எழுத்துருவை நிறுவிய பிறகு இங்க்ஸ்கேப்பை மூடித் திறங்கள். பட்டியலில் தமிழே இல்லாத ஓர் எழுத்துருவைத் தேர்ந்தால், மென்பொருள் உங்களிடம் சொல்லாமலே வேறொரு தமிழ் எழுத்துருவை இட்டு நிரப்பிவிடும். தடிமனை மாற்றினாலும் எழுத்து மாறவில்லை என்றால் அதுதான் நடந்திருக்கிறது.

பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் அடித்த வரி கையில் இருந்தால், அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்.

2. தாளும் லேயர்களும்

ஏ4 தாளைப் படுக்கையாக வையுங்கள்: 297 × 210 மில்லிமீட்டர். அளவுகோல் மில்லிமீட்டரில் இருக்கட்டும். இறுதி அழைப்பிதழ் சிறியதாக இருந்தாலும் பெரிதாக வரைந்து பிறகு சுருக்குவதே வசதி. விளிம்பு வேலைகள் கண்ணுக்குத் தெரியும், எண்களும் கைக்கு அடங்கும்.

மூன்று லேயர்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் வரைதள அடுக்குகள்) போடுங்கள். அடியில் ‘பின்னணி’, நடுவில் ‘எழுத்து’, மேலே ‘மூலம்’. பின்னணியில் ஆழ்ந்த மெரூன் நிறச் செவ்வகம் ஒன்றை வரைந்து (ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல அளவுகள்: 96, 16, 24) அந்த லேயரைப் பூட்டிவிடுங்கள். வெள்ளைத் தாளில் பொன் எடுபடாது. வெளிச்சம் படும் விளிம்பு வெள்ளையோடு கலந்து காணாமல் போகும்.

பின்னணிக்குத் தனி லேயர் எதற்கு என்றால், பிறகு நிழலை அடிக்கு அனுப்ப ‘எண்ட்’ விசையை அழுத்துவோம். எல்லாம் ஒரே லேயரில் இருந்தால் நிழல் செவ்வகத்துக்கும் பின்னால் போய் மறைந்துவிடும். ‘நிழலைக் காணோம்’ என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான்.

3. வெளிச்சம் எந்தப் பக்கம்?

மவுஸைத் தொடும் முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. நாம் இடது மேல் மூலையிலிருந்து வெளிச்சம் வருவதாக வைத்துக்கொள்வோம்.

சூரியனும் விளக்கும் மேலிருந்தே வருவதால், வெளிச்சம் மேலிருந்து விழுவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். மேல் விளிம்பு பளிச்சென்றும் கீழ் விளிம்பு இருண்டும் இருந்தால் எழுத்து புடைத்துத் தெரியும். அதே இரண்டையும் மாற்றிப் போட்டால் அதே எழுத்து உள்ளே அமுங்கித் தெரியும். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

எனவே சரிவு, நிழல், முகப்பு (எழுத்தின் மேல்தளம்) எல்லாம் ஒரே வெளிச்சத்துக்குக் கட்டுப்பட வேண்டும். நிழல் இடப்பக்கமும் பளபளப்பும் இடப்பக்கமுமாக விழுந்த தலைப்பை யாரும் குறை சொல்லத் தெரியாமல் ‘ஏதோ சரியில்லை’ என்பார்கள்.

4. சொல்லை அடித்தலும் சரிபார்த்தலும்

டெக்ஸ்ட் கருவியால் ‘அழைப்பிதழ்’ என்று அடித்து, சுமார் 240 மில்லிமீட்டர் அகலம் வரும்படி பெரிதாக்குங்கள். எழுத்துகளுக்கு இடையே சற்றுக் கூடுதல் இடைவெளி கொடுங்கள். சரிவும் வெளிக்கோடும் சேரும்போது எழுத்துகள் பக்கவாட்டில் வளரும். சாதாரண இடைவெளியில் விட்டால் ப்-உம் பி-யும் முட்டிக்கொள்ளும்.

இடைவெளி கொடுத்த பிறகு, ஐகாரக் குறி ழகரத்தை விட்டு விலகிவிட்டதா, புள்ளி தன் எழுத்துக்கு நேர்மேலே நிற்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

அப்புறம், எழுத்துப் பிழை. இப்போதே வாய்விட்டு ஒருமுறை படியுங்கள், இன்னொருவரிடமும் காட்டுங்கள். நான் ஒருமுறை ஒரு குடும்பப் பெயரை முழுவதும் பொன்னாக்கி முடித்த பிறகுதான் ணகரத்துக்கு னகரம் விழுந்திருப்பதைப் பார்த்தேன். மூன்று மணி நேர வேலை போயிற்று. அடுத்த படியைத் தாண்டிவிட்டால் இது எழுத்தாக இருக்காது, வெறும் வடிவமாகிவிடும்.

அதனால் சொல்லை கன்ட்ரோல் + டி கொண்டு நகலெடுத்து, அந்த நகலை ‘மூலம்’ லேயரில் போட்டு மறைத்துவையுங்கள். நாளைக்கு மாற்றம் வந்தால் எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாம் அங்கே அப்படியே இருக்கும்.

5. எழுத்தை வடிவமாக்குதல், பிறகு ஒன்றாக்குதல்

சொல்லைத் தேர்ந்து பாத் மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுங்கள். இப்போது ஒவ்வொரு துண்டும் தனி வடிவமாகி ஒரு குழுவுக்குள் இருக்கும். ‘அன்குரூப்’ செய்து, எல்லாவற்றையும் தேர்ந்த நிலையிலேயே பாத் மெனுவில் ‘யூனியன்’ கொடுங்கள்.

யூனியன் ஏன் கட்டாயம்? தமிழ் எழுத்துருக்களில் மெய்யும் உயிர்க்குறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடங்கள் உண்டு. தடிமனை விருப்பப்படி மாற்றக்கூடிய வேரியபிள் எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்குள்ளேயேகூடக் கோடுகள் ஏறிக் கிடக்கும். ஒரே நிறமாக இருக்கும்வரை தெரியாது. சரிவு எடுத்ததும் பி-யின் கொக்கி ஒட்டும் இடத்தில் நடுவே ஒரு கோடு ஓடும். யூனியன் அந்த உள்கோடுகளை நீக்கிவிடுகிறது.

‘கம்பைன்’ என்பதும் அதே மெனுவில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் எல்லாம் ஒன்றானது போலவே தோன்றும், ஆனால் உள்கோடுகள் போகாது. ஏறிக் கிடக்கும் இடம் ஓட்டையாகவும் ஆகலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க, வியூ மெனுவில் டிஸ்ப்ளே மோடை ‘அவுட்லைன்’ ஆக்குங்கள். வெளிவரம்பும் எழுத்தின் இயல்பான உள்வட்டங்களும் மட்டும் தெரிய வேண்டும். எழுத்தின் உடலைக் குறுக்கே வெட்டும் கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இந்த வடிவத்துக்கு ‘அடி’ என்று லேயர் பலகத்தில் பெயர் கொடுங்கள். இனி வருவதெல்லாம் இதன் நகல்களிலிருந்துதான் பிறக்கும். இதை மட்டும் யாரும் வெட்டவோ சுருக்கவோ கூடாது.

ஒரு சின்ன விஷயம். தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் சில கணினிகளில் குறுக்குவிசைகள் வேலை செய்யாது. தட்டச்சு முடிந்ததும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

6. சரிவு: இந்த வேலையின் உயிர்

பலரும் எழுத்தின் மேல் இடமிருந்து வலமாக ஒரு கிரேடியன்ட்டை (ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக மாறும் பூச்சு) இழுத்துவிட்டு அதையே சரிவு என்கிறார்கள். அப்படிச் செய்தால் சொல்லின் முதல் எழுத்து வெளிச்சமாகவும் கடைசி எழுத்து இருட்டாகவும் இருக்கும், அவ்வளவுதான். உண்மையான புடைப்பில் ஒவ்வொரு எழுத்தின் ஒவ்வொரு விளிம்பும் தான் திரும்பியிருக்கும் திசைக்கு ஏற்ப ஒளியை வாங்குகிறது. ழகரத்தின் வளைவில் மேற்புறம் ஒளிர, அதே வளைவு கீழே வரும்போது இருள வேண்டும். இதை நகர்த்தி வெட்டுவதன் மூலம் கணக்காகப் பெறலாம்.

முதலில் ஒளி விளிம்பு. ‘அடி’யைத் தேர்ந்து இரண்டு முறை நகலெடுங்கள். மேலே இருக்கும் நகலை மட்டும் தேர்ந்து, ஆப்ஜெக்ட் மெனுவில் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ பலகத்தைத் திறங்கள். ‘ரிலேட்டிவ் மூவ்’ குறியிட்டிருக்கட்டும். கிடை 1.4, செங்குத்து 1.4 மில்லிமீட்டர் கொடுத்து ஒரே ஒரு முறை ‘அப்ளை’ அழுத்துங்கள். நகல் வலது கீழாக நகரும்.

இப்போது நகர்ந்த நகலையும் நகராத நகலையும் சேர்த்துத் தேர்ந்து பாத் மெனுவில் ‘டிஃபரன்ஸ்’ கொடுங்கள். மேலே இருப்பது கத்தி, கீழே இருப்பது பொருள். வெட்டியது போக இடது மேல் விளிம்புகள் மட்டும் மெல்லிய பிறைகளாக நிற்கும். வெளிர்ப் பொன் நிறம் கொடுங்கள்: 255, 240, 178. பெயர் ‘ஒளி’.

அடுத்து இருள் விளிம்பு. அதே வேலைதான், ‘அடி’யிலிருந்து மறுபடி இரண்டு நகல்கள். இந்த முறை மேல் நகலை −1.4, −1.4 நகர்த்தி வெட்டுங்கள். வலது கீழ் விளிம்புகள் மிஞ்சும். நிறம் 84, 54, 10. பெயர் ‘இருள்’.

‘அடி’க்கு நடுத்தரப் பொன் கொடுங்கள்: 186, 134, 38. வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் விளிம்புகளில் பிறை எதுவும் விழாது. அங்கே இந்த நடு நிறம் தெரியும். ஒளி, நடு, இருள் என்று மூன்று படி கிடைத்துவிட்டது. இந்த மூன்றும் மென்மையாக வளைவோடு மெலிந்து தடிப்பதைத் திரையில் முதல்முறை பார்க்கும்போது, இதற்கு ஏன் ஃபில்டர் (மென்பொருளின் ஆயத்த விளைவு) தேவையில்லை என்று புரியும்.

வந்துவிடும் தவறுகள் மூன்று. ‘டிஃபரன்ஸ்’ கொடுத்ததும் எல்லாம் மறைந்தால், நகர்த்தாத இரண்டு நகல்களையே வெட்டியிருக்கிறீர்கள். பிறை எதிர்ப்பக்கத்தில் வந்தால், குறியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பிறை இருமடங்கு தடித்து வந்தால், அப்ளை இரண்டு முறை அழுந்தியிருக்கிறது. எதுவானாலும் செயல்நீக்கி, அந்த இடத்திலிருந்து தொடருங்கள். ஓரத்தில் ஒட்டுத் துணுக்குகள் மிஞ்சினால் ‘பிரேக் அபார்ட்’ செய்து பொறுக்கி நீக்கலாம். ‘சிம்ப்ளிஃபை’ பக்கம் போகாதீர்கள், எழுத்தின் வளைவே கோணிவிடும்.

7. முகப்பு

புடைத்த எழுத்தின் மேல்தளம் இது. ‘அடி’யை நகலெடுத்து, ‘ஹோம்’ விசையால் எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவாருங்கள். பிறகு பாத் மெனுவில் ‘இன்செட்’. இயல்பாக ஒரு முறைக்கு 2 பிக்சல் உள்வாங்கும். இரண்டு முறை கொடுத்தால் 4 பிக்சல், அதாவது சுமார் 1.06 மில்லிமீட்டர்.

சரிவின் அகலம் எழுத்துக் கோட்டின் தடிமனில் ஐந்தில் ஒன்றுக்குள் இருப்பது நல்லது. உங்கள் எழுத்துரு மெலிந்ததாக இருந்தால் ஒரு முறை இன்செட் போதும், நகர்த்தலையும் 0.7 மில்லிமீட்டராகக் குறையுங்கள்.

நகர்த்தல் 1.4, உள்வாங்கல் 1.06. இந்த வித்தியாசம் வேண்டுமென்றே வைத்தது. பிறை சரிவைவிடச் சற்று அகலமாக இருந்து, மிச்சம் முகப்பின் அடியில் ஒளிந்துகொள்ள வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் இடையில் மயிரிழையாக நடு நிறம் எட்டிப் பார்க்கும்.

இன்செட் கொடுத்ததும் ழகரத்தின் வளைவுகளையும் புள்ளியையும் பெரிதாக்கிப் பாருங்கள். எங்காவது அறுந்திருந்தால் பின்வாங்கி அளவைக் குறையுங்கள். புள்ளி மட்டும் மிகச் சிறுத்துப்போனால், ‘அடி’யிலேயே புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கிவிட்டு 6-ஆம் படியிலிருந்து வருவதே சரி. குறுக்கு வழி தேடியவர்கள் எல்லோருமே கடைசியில் திரும்பி வந்தார்கள்.

8. இப்போது உலோக நிறம்

பிளாஸ்டிக் எந்த நிறமானாலும் அதன் பளபளப்பு வெள்ளையாக இருக்கும். பொன்னின் பளபளப்போ பொன் நிறத்திலேயே இருக்கும். அதனால் தூய வெள்ளையை எங்கும் வைக்காதீர்கள். வைத்த இடத்தில் பொன் போய் மஞ்சள் பிளாஸ்டிக் வந்துவிடும்.

இன்னொன்று, உலோகத்துக்கு ஒரே சீரான நிறம் கிடையாது. சுற்றியுள்ளதைப் பிரதிபலிப்பதால் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும். இரண்டு நிறம் மட்டும் உள்ள கிரேடியன்ட் பெயின்ட் போல் தெரிவது இதனால்தான்.

முகப்பைத் தேர்ந்து ‘ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்’ பலகத்தில் லீனியர் கிரேடியன்ட் எடுங்கள். கிரேடியன்ட் கருவியால் மேலிருந்து கீழாக இழுங்கள். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் கோடு நேராக நிற்கும். கோட்டின் மேல் இருமுறை சொடுக்கினால் புது நிறுத்தம் (ஒரு நிறத்தை வைக்கும் புள்ளி) கிடைக்கும். நான்கு போதும்:

மேலே, 0 விழுக்காட்டில்: 250, 226, 140
40 விழுக்காட்டில்: 214, 166, 58
60 விழுக்காட்டில்: 240, 206, 112
கீழே, 100 விழுக்காட்டில்: 176, 122, 30

தமிழுக்கே உரிய ஒரு திருத்தம் இங்கே தேவை. கிரேடியன்ட் தானாக விழும்போது கொக்கியின் உச்சியிலிருந்து ழகரத்தின் கீழ்நுனி வரை முழு உயரத்தையும் எடுத்துக்கொள்ளும். அதனால் எழுத்துகளின் உடல் முழுவதும் நடுத்தர நிறத்திலேயே மாட்டிக்கொண்டு மந்தமாகத் தெரியும். இரண்டு முனைகளையும் பிடித்து, அகரம், பகரம், தகரம் நிற்கும் உடல் உயரத்துக்குள் கொண்டுவாருங்கள். மேலும் கீழும் நீட்டியவை கடைசி நிறத்தையே வாங்கிக்கொள்ளும், அது உறுத்தாது.

நிறுத்தங்களை நெருக்கி வைத்தால் பளபளப்பு கூடும். 49-இல் இருட்டும் 51-இல் வெளிச்சமும் வைத்தால் வண்டி பம்பரின் குரோம் போல நடுவில் ஒரு கோடு விழும். அழைப்பிதழுக்கு அது அதிகம். மேல்தளம் நம்மை நேராகப் பார்க்கிறது, ஆகையால் அதில் மாற்றம் மெதுவாக இருக்கட்டும். உச்ச ஒளியும் உச்ச இருளும் சரிவுக்கு உரியவை.

வெள்ளி வேண்டுமானால் 70, 76, 84 தொடங்கி 160, 168, 176 வழியாக 240, 244, 247 வரை. செம்புக்கு 94, 44, 20 முதல் 190, 110, 62, பிறகு 250, 205, 165.

9. வெளிக்கோடும் நிழலும்

‘அடி’யை நகலெடுத்து ‘எண்ட்’ அழுத்தி அடிக்கு அனுப்புங்கள். ஒரு முறை ‘அவுட்செட்’, நிறம் 52, 30, 6. எழுத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய வரம்பு இது. இது இல்லாவிட்டால் இருள் விளிம்பு மெரூனில் கரைந்துவிடும்.

இன்னொரு நகல், அதையும் அடிக்கு. வலது கீழாக 2 மில்லிமீட்டர் நகர்த்துங்கள். நிறம் கறுப்பு வேண்டாம், பின்னணியின் இன்னும் இருண்ட சாயல்: 36, 4, 8. ப்ளரை (‘ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்’ பலகத்தில் விளிம்பை மங்கலாக்கும் அளவு) 1 விழுக்காட்டிலிருந்து தொடங்கிக் கண்ணால் பார்த்துக் கூட்டுங்கள். அந்த விழுக்காடு பொருளின் அளவைச் சார்ந்தது, அதனால் வேறொருவர் சொன்ன எண் உங்களுக்குப் பொருந்தாது. நிழல் பெரிதானால் எழுத்து புடைக்காது, மிதக்கும்.

10. சுருக்குதல்

எல்லாப் பகுதிகளையும் தேர்ந்து குழுவாக்குங்கள். செலக்ட் கருவியில் இருக்கும்போது மேல்பட்டையின் வலப்புறம் நான்கு சின்ன பொத்தான்கள் இருக்கும். கோட்டுத் தடிமன், மூலை வளைவு, கிரேடியன்ட், பேட்டர்ன் ஆகியவை பொருளோடு சேர்ந்து மாற வேண்டுமா என்று கேட்பவை அவை. நான்கும் அழுந்தியிருக்கட்டும். கிரேடியன்ட் பொத்தான் விடுபட்டால், எழுத்தை நகர்த்தியதும் பொன் நிறம் பழைய இடத்திலேயே தங்கி எழுத்து ஒரே நிறமாகிவிடும்.

மிகச் சிறிதாக, 60 மில்லிமீட்டருக்குக் கீழே போக வேண்டியிருந்தால், இதையே சுருக்காமல் அகன்ற சரிவோடு தனியாக ஒன்று செய்யுங்கள். நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிய சரிவு கால் மில்லிமீட்டர்தான் இருக்கும், அச்சில் அது அழுக்கு வரம்பாகத் தெரியும்.

11. கோப்பு கொடுத்தல்

வாட்ஸ்அப்புக்கும் திரைக்கும் என்றால், குழுவைத் தேர்ந்து ‘எக்ஸ்போர்ட்’ பலகத்தில் ‘செலக்ஷன்’ டேப்பில் பிஎன்ஜி எடுங்கள். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) வைத்தால் 240 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுமார் 2,835 பிக்சல் வரும். தேர்ந்ததை மட்டும் எடுக்கும் தேர்வையும் குறியிட்டால், மெரூன் பின்னணி இல்லாமல் நிழலோடு கிடைக்கும்.

அச்சுக்கு என்றால் பிடிஎஃப். சேமிக்கும்போது ஃபில்டர்களைப் பிக்சலாக்கும் தேர்வு இருக்கும், அதன் பக்கத்தில் உள்ள எண்ணை 300 ஆக்குங்கள். ப்ளர் ஒன்றுதான் இதில் ஃபில்டர், மற்றவை எல்லாம் வெக்டராகவே (பிக்சலாக இல்லாமல் கோட்டு வடிவமாகவே) போகும். சரிவை வெட்டி எடுத்ததன் பலன் இங்கே தெரியும்: எவ்வளவு பெரிய ஃபிளெக்ஸிலும் விளிம்பு கூர்மையாக நிற்கும்.

திரையின் பொன், நான்கு வண்ண அச்சில் கொஞ்சம் கடுகு நிறத்துக்குச் சாயும். மொத்தமாக அடிக்கும் முன் அதே தாளில் ஒரு மாதிரி வாங்கிப் பாருங்கள். மந்தமாக வந்தால் ‘ஒளி’யை இன்னும் வெளுப்பாக்குவதைவிட ‘இருள்’ஐ ஆழமாக்குவது பலன் தரும்.

அச்சகம் உண்மையான ஃபாயில் (மெல்லிய பளபளப்புத் தாள்) ஒட்டியோ அச்சுக் கட்டையால் எம்பாஸ் செய்தோ (அழுத்திப் புடைக்க வைத்தோ) தரப்போகிறது என்றால், இந்தப் பொன் வேலை எதையும் அனுப்பாதீர்கள். கட்டை செய்ய அவர்களுக்குத் தேவை ஒரே நிறத்தில் தட்டையான வடிவம். ‘அடி’யை மட்டும் தனிக் கோப்பில் எடுத்து, முழுக் கறுப்பாக்கி, கிரேடியன்ட்டும் ப்ளரும் இல்லாமல் கொடுங்கள். பளபளப்பை ஃபாயில் தாளும், நிழலை மேசை விளக்கும் பார்த்துக்கொள்ளும்.

மூலக் கோப்பை இங்க்ஸ்கேப்பின் இயல்பான வகையான எஸ்விஜியாகவே வைத்திருங்கள், ‘மூலம்’ லேயரோடு.